எழுத்துக்கு இடம் ஒதுக்கியவர்கள்



தமிழ் இணையத்தில் கால்பதித்த வரலாற்றின் தொடக்கப் பக்கத்தில் கவிதை இருக்கிறது. சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிகளிலும் எழுந்த கவிதைகளை இணையத்தில் ஏற்றும் திட்டம் 1995-ஆம் ஆண்டு நிறைவேறியபோது, அதன் தமிழ்ப் பகுதியைத் திரையில் தெரியச் செய்தவர் நா. கோவிந்தசாமி. அவர் எழுத்தாளர், ஆசிரியர்களைப் பயிற்றுவித்தவர். மலேசியாவில் 1980-களின் நடுவிலேயே 'முரசு' மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் பொறியியலாளர். 'மயிலை' எழுத்துருவை இலவசமாக வழங்கி, 1998 பொங்கல் நாளில் மதுரைத் திட்டத்தைத் தொடங்கிவைத்த கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆய்வு செய்தவர். தமிழ் எழுத்துகளின் கணிப்பொறி வாழ்வை முதலில் வகுத்தவர்கள் பெரும்பாலும் இத்தகைய ஆர்வலர்களே. பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகள் அப்பொழுது கணிப்பொறியை அலுவலக அறையில் துணி போர்த்தி வைத்திருந்தன.

ஆர்வலர் என்னும் அச்சொல் சற்று நின்று எண்ணத்தக்கது. கணிப்பொறி ஆர்வலருக்கு எதைப்பற்றியும் ஒரு கருத்து உண்டு. தேநீர் ஆறுவதற்குள் எழுத்துச் சீர்திருத்தம், ஆட்சிமொழி, கல்வி, தேர்தல் அனைத்துக்கும் தீர்வு சொல்லிவிடுவார். அவருடைய கருத்துகளுள் உறுதியானது ஒன்று: எழுத்து என்பது கணிப்பொறிக்கு ஓர் எண், எண்ணுக்குச் சாதியில்லை, கட்சியில்லை, அரசியலில்லை. பார்வைக்கு மறுக்கவொண்ணாத கருத்து இது. ஆனால் எந்த எழுத்துக்கு எண் தருவது, எதற்குத் தராமல் விடுவது, எதற்குப் பின் எதை நிறுத்துவது என்று ஒருவர் முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவில் அரசியல் நுழைந்துவிடுகிறது. தமிழுக்கு நேர்ந்ததும் அதுவே.

கருவி எழுத்தை மாற்றுவது கணிப்பொறியோடு தொடங்கிய செய்தியன்று. கொல்லத்தில் 1578-இல் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறிய நாள்முதல் ஓலைக்கு இசைந்த எழுத்து ஈயத்துக்கு இசையத் தொடங்கிற்று. சுண்டிக்குளியில் பிறந்து மலாயாவுக்குச் சென்ற ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்தபோது, 247 எழுத்துகளை ஒரு சிறு விசைப்பலகைக்குள் அடக்க வேண்டியிருந்தது. நகரா விசை என்னும் உத்தியால் அவர் அதைச் சாதித்தார். குறி விழும்போது தாள் நகராது. அடுத்து எழுத்து விழுந்த பின்னரே நகரும். தந்தை பெரியார் 1935-இல் 'குடி அரசு' இதழில் சீர்திருத்த எழுத்தை ஆளத் தொடங்கியதிலும் அச்சுக்கோப்பவரின் சுமையைக் குறைக்கும் நோக்கம் கலந்திருந்தது. 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு அதனை ஆணையாக்கியது. ணா, றா, னா, ணை, லை முதலிய 13 எழுத்துகள் அன்று வடிவம் மாறின. ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் தெருவில் நின்று பேசினார்கள், ஏடுகளில் எழுதினார்கள். 13 வடிவங்களுக்கு அவ்வளவு வாதம் நடந்தது.

பதின்மூன்றே ஆண்டுகள் கழித்து, 1991-இல், எல்லாத் தமிழ் எழுத்துகளுக்குமான இடம் உலக அளவில் ஒதுக்கப்பட்டபோது தமிழ்நாட்டின் தெருக்களில் அதைப்பற்றி ஒரு பேச்சும் எழவில்லை. யூனிகோடு என்னும் ஒருங்குறியின் முதற்பதிப்பு அவ்வாண்டு வெளிவந்தது. உலக மொழிகள் அனைத்துக்கும் ஒரே எண்வரிசை காணும் அம்முயற்சி, இந்திய மொழிகளுக்கு நடுவண் அரசு நிறுவனங்கள் ஏற்கெனவே வகுத்திருந்த இஸ்கி என்னும் அட்டவணையைத் தழுவிக்கொண்டது. இஸ்கி ஒரே சட்டத்தில் எல்லா இந்திய எழுத்துகளையும் பொருத்துவது. ஆகவே தமிழுக்குக் கிடைத்த 128 இடங்களில், க என்னும் எழுத்தை அடுத்து மூன்று இடங்கள் வெற்றாகக் கிடக்கின்றன. அதன்பிறகே ங வருகிறது. வடமொழி வருக்கத்தின் பிற ஒலிகளுக்காக விடப்பட்ட நாற்காலிகள் அவை. தமிழில் அமர ஆளில்லை. ந-வை அடுத்து ன, ர-வை அடுத்து ற என வரிசையும் மாறிற்று. விளைவாக, தமிழ் அகரவரிசை கற்பிக்கப்படாத மென்பொருள் ஒன்றிடம் சொற்களை அடுக்கச் சொன்னால், 'கபம்' என்னும் சொல்லுக்கு முன்னே 'கனவு' வந்து நிற்கும். அகராதி புரட்டிய எவரும் இதனை ஏற்கார்.

இதனினும் ஆழமான செய்தி ஒன்றுண்டு. தமிழிலக்கணம் மெய்யை அடிப்படையாகக் கொள்கிறது. மெய்யோடு உயிர் சேர உயிர்மெய் பிறக்கிறது. ஒருங்குறியிலோ அகரமேறிய க அடிப்படை. அதன்மேல் புள்ளியிட்டால் தான் மெய் பிறக்கும். 'மொழி' என்னும் சொல்லுக்கு எழுத்து இரண்டு. கணிப்பொறியின் கணக்கில் நான்கு. 'கவிஞர்' நான்கெழுத்துச் சொல். கணிப்பொறி ஆறு என்னும். கட்டளைக் கலித்துறை யாத்தவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். நேரசையில் தொடங்கும் அடிக்கு ஒற்று நீக்கி 16 எழுத்து, நிரையில் தொடங்கினால் 17 என்று எண்ணிப் பழகிய காதுக்கு, இயந்திரத்தின் கணக்கு வேறு நாட்டுக் கணக்கு. யாப்பை ஆராயும் 'அவலோகிதம்' போன்ற மென்பொருள்கள் இந்த எண்களைப் பிரித்து, மீண்டும் தமிழ் எழுத்தாகக் கூட்டி, அதன்பின்னரே அசை பிரிக்கத் தொடங்க வேண்டியிருக்கிறது. வேலை நடக்கவே செய்கிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு சுற்றுவழி.

இதற்கு மாற்று இருந்ததா எனில், கொரிய மொழியைப் பார்க்க வேண்டும். கொரியர்களின் எழுத்தும் உறுப்புகள் சேர்ந்து அசையாகும் எழுத்தே. 1996-இல் வெளியான ஒருங்குறியின் இரண்டாம் பதிப்பில், முழு அசைகளாகவே 11,172 இடங்களை அவர்கள் பெற்றனர். முன்பு கொடுக்கப்பட்டிருந்த இடங்களும் அதன்பொருட்டு மாற்றப்பட்டன. அந்த இடமாற்றம் தந்த தொல்லையைக் கண்ட ஒருங்குறிச் சேர்த்தியம், இனி ஒருமுறை கொடுத்த இடம் என்றைக்கும் மாறாது என்று விதி செய்துகொண்டது. தமிழர் விழித்து 247-க்கும் தனித்தனி இடம் கேட்டபோது கதவு சாத்தப்பட்டிருந்தது. கொரியாவுக்குப் பின்னால் ஓர் அரசும் பெருந்தொழில் நிறுவனங்களும் நின்றன. தமிழுக்காக அந்நாளில் நின்றவர்கள், பகலெல்லாம் வேறு வேலை பார்த்துவிட்டு இரவில் எழுத்துரு வரைந்த தனிமனிதர்கள். அவர்களைக் குறைகூறுவது நன்றியின்மை. அவர்களைத் தனியே விட்டவர்களைப்பற்றிப் பேசுவதே முறை.

தமிழ்நாடு அரசு 2010-இல் கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி, ஒருங்குறியைத் தரமாக ஏற்றதுடன், ஒவ்வோர் எழுத்துக்கும் தனியிடம் தரும் 'டேஸ் 16' முறையை மாற்றுத் தரமாகவும் அறிவித்தது. இலக்கணத்துக்கு இசைந்த முறை அது, ஐயமில்லை. எனினும் அது குடியேறிய இடம், உலகப் பொதுவில் எவர்க்கும் உறுதி தரப்படாத தனிப்பயன்பாட்டுப் பகுதி. அங்கே வேறொருவர் தம் குறிகளை வைத்துக்கொண்டாலும் தடையில்லை.

அவ்வாண்டின் இறுதியில் கிரந்தப் பூசல் எழுந்தது. தமிழ்த் தொகுதிக்குள் கிரந்தக் குறிகளைக் கூட்ட வேண்டும் என்று ஒரு முன்மொழிவும், கிரந்தத்துக்கு அமைக்கும் தனித் தொகுதிக்குள் ழ, ற, ன, எகர ஒகரக் குறிகள் ஆகிய ஐந்தைச் சேர்க்க வேண்டும் என்று மற்றொன்றும் இருந்தன. முதலமைச்சர் கலைஞர் நடுவண் அரசுக்கு எழுதினார், அறிஞர்கள் கூடினர், மேடைகள் முழங்கின. 2014-இல் கிரந்தத் தொகுதி ஒருங்குறியில் சேர்ந்தபோது அந்த ஐந்தும் அதில் இல்லை. ஒருவகையில் இது தமிழரின் வெற்றி. ஆயினும் முழங்கியவர்களுள் பலர் இரண்டு முன்மொழிவுகளையும் ஒன்றெனக் குழப்பிப் பேசியதையும், எண்ணுக்கு அரசியலில்லை என்ற ஆர்வலர் சிலர் அக்கவலையை அறியாமை என்று எள்ளியதையும் மறைப்பதற்கில்லை. எள்ளியவர்கள் 1978-ஐ அறியாதவர்கள். முழங்கியவர்கள் 1991-இல் உறங்கியவர்கள்.

எண்களின் கணக்கு வீட்டுக்குள்ளும் வந்தது. கைப்பேசிக் குறுஞ்செய்தி ஒன்றில் ஆங்கிலத்துக்கு 160 இடங்கள். தமிழில் எழுதினால் 70. 'மொழி' என்னும் ஒரு சொல்லே அவற்றுள் நான்கைத் தின்றுவிடும். இரண்டு வரி நலம் கேட்டால் இரண்டு செய்திக்குக் கட்டணம். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதும் பழக்கத்தை இளைஞரின் மொழிப்பற்றின்மை என்று கடிந்தோர் பலர். அந்தக் கட்டணச் சீட்டை அவர்கள் பார்த்திருக்கமாட்டார்கள். கருவிகளிலும் அந்நாளில் பலவற்றில் தமிழ் தெரியவே தெரியாது. கட்டம் கட்டமாக வரும். பழக்கம் படிந்தபின் கட்டணம் நீங்கினாலும் பழக்கம் நீங்கவில்லை.

கவிஞர்களை நேராகத் தொடும் செய்தி இனித்தான் வருகிறது. 1980-களின் இறுதிமுதல் ஏறத்தாழ 20 ஆண்டுகள், தமிழ்க் கவிதை நூல்கள் கணிப்பொறியில் கோக்கப்பட்டது ஒருங்குறியில் அன்று. நிறுவனத்துக்கு ஒன்றாகக் கிடந்த எழுத்துருக்களில். ஈழத்தவரிடையே பெரிதும் பரவிய பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால், கோப்புக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்னும் ஐந்து ஆங்கில விசைக்குறிகளே. பாமினி உள்ள கணிப்பொறியில் அது தமிழ். இல்லாததில் பொருளற்ற ஆங்கிலம். அந்நூல்களுள் பல கோக்கப்பட்ட பேஜ்மேக்கர் மென்பொருளும் 2001-இல் வந்த ஏழாம் பதிப்போடு வளர்ச்சி நின்றது. பலருடைய முதல் தொகுப்பு இன்று ஒரு நெகிழ்வட்டில் இருக்கிறது. அதைச் செருக வாயில்லாத கணிப்பொறி மேசைமேல் இருக்கிறது. 500 படி அச்சிட்டு, பாதியை நண்பர்களுக்கு வழங்கி, மீதியைக் கரையானுக்குக் கொடுத்த தொகுப்புகளின் நிலை அவையோர்க்குச் சொல்லத் தேவையில்லை.

பாரதியின் எழுத்துகள் நாட்டுடைமையாயின. சங்கநூல்கள் மதுரைத் திட்டத்தில் ஏறின. பழமைக்குக் காவலர் உண்டு. இன்றைய கவிஞரின் நூலோ, அவர் மறைந்து 60 ஆண்டுகள் செல்லும்வரை பதிப்புரிமைச் சட்டத்தின் காவலில் இருக்கிறது. பிறர் தொடக்கூடாது என்று சட்டம் சொல்ல, உரியவர் தொடாமலே விட, எழுத்துரு மட்டும் 20 ஆண்டும் தாங்கவில்லை. தேடுபொறி ஒருங்குறியில் இருப்பதையே காணும். செயற்கை நுண்ணறிவு என்று இப்பொழுது பேசப்படும் மொழிப்பொறிகளும் அவ்வாறே. எண்ணிலக்க எழுத்தாகக் கிடைக்கும் தமிழையே தமிழென்று அவை கற்கின்றன. அறிவிப்புகளும் விளம்பரங்களும் திரைச்செய்திகளும் அங்கே மிகுதி. இருபதாண்டுக் கவிதையின் பெரும்பகுதி அங்கே இல்லாதபோது, அப்பொறிகள் எழுதித் தரும் தமிழின் சுவை எத்தகையதாக இருக்கும் என்பதை ஊகிக்கலாம். தம் கவிதை பொறிக்கு இரையாக வேண்டாம் என்று கருதும் கவிஞர் இருக்கக்கூடும். அந்தக் கருத்தும் மதிக்கத்தக்கதே. ஆனால் விரும்பி மறுப்பது வேறு. படிக்கவொண்ணாத வட்டில் கிடப்பதால் விடுபடுவது வேறு.

பழைய எழுத்துருவை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. கோப்பு இல்லாவிடில், அச்சுப் பக்கத்தைப் படமெடுத்து எழுத்தாக்கும் கருவிகளும் வந்துள்ளன. அவை ரகரத்தையும் துணைக்காலையும் மாற்றிப் படிக்கும், ஒற்றை விழுங்கும், சீர் பிரித்த இடத்தைச் சேர்த்துவிடும். இப்பிழைகளைச் சொல்திருத்தி மென்பொருள் முழுமையாகக் காணாது. ஏனெனில் பிழைபட்ட சொல்லும் ஒரு தமிழ்ச் சொல்லாகவே அமைந்துவிடலாம். எதுகை தவறும் இடத்தில், தளை தட்டும் இடத்தில், யாப்பறிந்த காது உடனே நின்றுவிடும். புதுக்கவிதையில் அந்தத் துணையும் இல்லை. அங்கே வரியை எங்கே முறித்தார் என்பதை எழுதியவரே சொல்ல வேண்டும். ஆகவே 1985-க்கும் 2005-க்கும் இடைப்பட்ட தொகுப்புகளை முதலில் எடுப்பது தக்கது. அவற்றை எழுதியவர்களுள் பெரும்பாலோர் இன்று எழுபதை நெருங்குகிறார்கள் அல்லது கடந்திருக்கிறார்கள். கைப்பிரதி எந்தப் பெட்டியில் இருக்கிறது, அச்சகத்தார் எந்த வரியை விட்டுவிட்டார் என்பதை அவர்களே அறிவர்.