பாதியில் நிற்கும் கட்டடமும் முழுமையாய் நிற்க வேண்டிய வாக்கும்

(மகாவீர் ஜயந்தி விழாவையொட்டிப் படப்பையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பகவானின் ஜன்ம கல்யாணத்தைக் கொண்டாடும் இந்நன்னாளில், கட்டட விற்பனையைப் பற்றி ஒருவர் பேச வருவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். இல்லறத்தாருக்குரிய ஐந்து அணுவிரதங்களில் பொய்யாமை, கள்ளாமை, மிகுபொருள் விரும்பாமை என்னும் மூன்றும் பொருளீட்டும் இடத்திலேயே சோதனைக்கு உள்ளாகின்றன. ஜினாலயத்தில் அவற்றைக் காப்பது எளிது. பத்திரப் பதிவு அலுவலகத்தில் காப்பது அரிது. ஆதலால் இப்பொருளை எடுத்துக்கொண்டேன்.

வந்தவாசி, செய்யாறு, ஆரணி, திண்டிவனம் வட்டாரங்களில் ஏர் பிடித்து வாழ்ந்த நம் முன்னோரின் பிள்ளைகள், கல்வியையும் உத்தியோகத்தையும் நாடித் தாம்பரம், வண்டலூர், படப்பை எனக் குடியேறினர். ஊர் நிலத்தை விற்ற பணம் இங்கே மனையாயிற்று. மனையின் விலை ஏறியபோது சிலர் கட்டுமான நிறுவனத்தாரோடு கூட்டு ஒப்பந்தம் செய்தனர். சிலர் முன்பணம் செலுத்தி வீடோ கடையோ பதிவு செய்தனர். வேறு சிலர் தாமே கட்டித் தரும் தொழிலில் இறங்கினர். இங்கிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியே கோவளம் சென்றால் கிழக்குக் கடற்கரைச் சாலை வந்துவிடுகிறது. கடல் பார்த்த வீடு, கீழே வாடகை தரும் கடை என்னும் ஆசை நம்மவரையும் அச்சாலைக்கு அழைத்துச் செல்கிறது.

இத்தகைய திட்டங்களில் சில பாதியில் நின்றுவிடுவதும் உண்டு. பணம் வற்றுகிறது, பங்காளிகள் பிரிகின்றனர், வட்டி ஏறுகிறது. அப்போது எஞ்சும் நேர்மையான வழிகளில் ஒன்று, முடிக்க வல்லவரிடம் திட்டத்தை விற்றுவிடுவது. அவ்வாறு விற்பது இழுக்கன்று. நாள் கடத்தி மறைப்பதே இழுக்கு. இந்த ஒன்றைச் சொல்லவே வந்துள்ளேன்.

உழவர் குடியினராகிய நமக்கு ஓர் உவமை எளிதில் விளங்கும். நிற்கும் பயிரோடு ஒரு வயலை விற்கும்போது வரப்பை அளந்து விலை பேசினால் போதாது. வாரத்துக்கு உழுதவனின் பங்கு என்ன, பயிரின் மேல் வாங்கிய கடன் எவ்வளவு, அறுவடை யாருக்கு என்று கேட்டுத் தீர்த்த பின்னரே பத்திரம் எழுதுவர். பாதி கட்டிய கட்டடமும் நிற்கும் பயிர் போன்றதே. அதன்மேல் நிலவுடைமையாளருக்கு ஒரு பங்கு, கடன் கொடுத்த வங்கிக்கு ஒரு பிடி, மேல்தள வீடுகளுக்குப் பணம் கட்டிய குடும்பங்களுக்கு ஓர் உரிமை, கீழ்த்தளக் கடைகளுக்குப் பணம் கட்டிய வணிகர்க்கு மற்றோர் உரிமை. விற்பவர் தம் பெயரால் தரப்பட்ட வாக்குறுதிகளையும் சேர்த்தே கைமாற்றுகிறார். ஆகவே, வாக்குப் பெற்றவர்களைக் கேளாமல் விற்பது முறையாகாது.

ரெரா எனச் சுருங்க வழங்கும் 2016ஆம் ஆண்டின் கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறைச் சட்டம் இக்கருத்தையே 15ஆம் பிரிவில் விதியாக்கியுள்ளது. திட்டத்தின் பெரும்பான்மை உரிமைகளையும் கடமைகளையும் வேறொருவருக்கு மாற்ற விரும்பும் கட்டுநர், ஒதுக்கீடு பெற்றோரில் மூன்றில் இரு பங்கினரின் ஒப்புதலை முன்னதாகவே எழுத்தில் பெற வேண்டும். ஒழுங்குமுறைக் குழுமத்தின் எழுத்து மூலமான முன் அனுமதியும் வேண்டும். கட்டுநர் தம் கையில் வைத்துள்ள வீடுகளுக்கு இதில் வாக்கில்லை. ஒரு குடும்பத்தார் எத்தனை வீடு, கடை பதிவு செய்திருப்பினும் அவர்கள் ஒருவராகவே எண்ணப்படுவர்.

ஒரு கணக்கால் இதை விளக்குகிறேன். 12 கடைகளும் 40 வீடுகளும் கொண்ட ஒரு திட்டம் எனக் கொள்வோம். 30 குடும்பங்கள் ஆளுக்கொரு வீடு பதிவு செய்துள்ளன. வணிகர் ஒருவர் தம் பெயரிலும் மனைவி பெயரிலும் 6 கடைகளைப் பதிவு செய்துள்ளார். ஒதுக்கீடாகியவை 36, ஒதுக்கீடு பெற்றோர் 31 பேரே. ஒப்புதல் தர வேண்டியோர் 21 பேர். ஆறு கடைக்காரரை மட்டும் தனியே அழைத்துப் பேசி முடிப்பது பயன்படாது. ஒரே ஒரு வீட்டுக்கு ஓய்வூதியப் பணத்தைக் கட்டிய ஆசிரியரின் கையொப்பமும் அவருடையதும் ஒரே எடையுள்ளவை.

வாங்க வருபவரும் அறிய வேண்டியவை உள. முன்னவர் செய்த ஒதுக்கீடுகளும் விற்பனைகளும் இம்மாற்றத்தால் பாதிக்கப்படமாட்டா. நிலுவையிலுள்ள கடமைகள் அனைத்தும் புதியவரைச் சேரும். கைமாறியதைக் காரணம் காட்டிக் காலக்கெடுவை நீட்டிக்கவும் இயலாது. குடியிருப்பு எனப் பதிவான தளத்தை உல்லாச விடுதியாக்கினால் இலாபம் மிகும் எனக் கடற்கரை ஊரில் புதியவருக்குத் தோன்றலாம். ஒப்புதல் பெற்ற வரைபடத்தை அவ்வாறு மாற்றுவதற்கு 14ஆம் பிரிவின்படி மூன்றில் இரு பங்கினரின் ஒப்புதல் மீண்டும் வேண்டும்.

நிலத்தைக் கூட்டு ஒப்பந்தத்திற்குக் கொடுத்த நம் குடும்பத்தார்க்கு ஒரு சொல். "கட்டுபவர் அவர், எங்களுக்கு இதில் பொறுப்பில்லை" என்று பலர் எண்ணுகின்றனர். கட்டுபவர் ஒருவர், விற்பவர் வேறொருவர் என அமைந்தால் இருவரையும் கட்டுநராகவே கொண்டு, இருவர்மேலும் சட்டம் கூட்டுப் பொறுப்பை ஏற்றுகிறது. பொது அதிகார ஆவணத்தில் கையொப்பமிட்டுவிட்டு மறந்திருக்கலாகாது.

இனிக் கடலைப் பற்றி. கடற்கரை ஊரில் கட்டடம் நிறுத்தப்பட்டாலும் கடற்காற்று நிற்பதில்லை. தூண்களின் உச்சியில் மூடாமல் விட்ட கம்பிகளில் உப்பு படிகிறது; துரு ஏறுகிறது. துரு பிடித்த கம்பி பருத்து, சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பிளக்கிறது. இதனால்தான் ஐ.எஸ். 456 என்னும் இந்தியத் தரக் குறிப்பு, கடலோரச் சூழலைக் கடுமையான சூழலெனக் கொண்டு, எம்-30 தரத்திற்குக் குறையாத கான்கிரீட்டையும் கம்பிக்கு 45 மில்லிமீட்டர் மூடுகனத்தையும் கேட்கிறது. மூன்று மழைக்காலம் திறந்து கிடந்த தூணின்மேல் ஆய்வின்றி அடுத்த தளம் எழுப்புவது பெரும் பாவம். அஹிம்சையை முதல் விரதமாகக் கொண்ட நாம் இதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

இங்கிருந்து குன்றத்தூர் வழியே போரூர் செல்லும் சாலையில் உள்ளது மவுலிவாக்கம். 28-6-2014 அன்று மாலை, அங்குக் கட்டி முடியும் நிலையிலிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்தது. 61 உயிர்கள் பிரிந்தன. மாண்டோரில் பலர் பிற மாநிலங்களிலிருந்து கூலி வேலைக்கு வந்த எளியோர். அருகே எழுந்திருந்த இணைக் கட்டடமும் 2-11-2016 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. முடியாத கட்டடத்தின் வலிமையை விளம்பரப் படத்தால் அறிய முடியாது. தகுதி வாய்ந்த கட்டமைப்புப் பொறியாளர் கான்கிரீட்டைத் துளைத்து எடுத்துச் சோதித்த அறிக்கையே அதற்குச் சான்று. அவ்வறிக்கையை விற்பவர் தாமே எடுத்து, வாங்குபவரிடமும் ஒதுக்கீடு பெற்றோரிடமும் தருவது நேர்மை.

மற்றொரு பாடம் கேரளத்திலிருந்து. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் முதலில் 19-2-1991 அன்று வெளியாயின. 2011லும் 2019லும் புதிய அறிவிக்கைகள் வந்தன. கொச்சியை அடுத்த மரடு என்னும் ஊரில் நான்கு அடுக்குமாடித் தொகுதிகள் உள்ளாட்சியின் கட்டட அனுமதியுடன் எழுந்தன. அவை இவ்விதிகளை மீறியவை என்று கண்ட உச்ச நீதிமன்றம், 8-5-2019 அன்று இடிக்க ஆணையிட்டது. 2020 ஜனவரி 11, 12 ஆகிய இரு நாள்களில் நான்கும் தகர்க்கப்பட்டன. குடியிருந்தோர்க்கு இடைக்கால இழப்பீடாகத் தலைக்கு 25 லட்சம் ரூபாய் வழங்க ஆணையாயிற்று. பணம் ஓரளவு திரும்பலாம்; வீடு திரும்பவில்லை. உள்ளாட்சி அனுமதி ஒன்றை மட்டும் நம்பி, உயர் ஓத எல்லையிலிருந்து மனை எவ்வளவு தொலைவில் உள்ளதெனப் பாராமல் விற்பதும் வாங்குவதும் எத்தகைய அழிவில் முடியும் என்பதற்கு இது சாட்சி.

இத்தனை இடர் இருக்கும்போது காலந்தாழ்த்தாமல் விற்பதே அறிவுடைமை. எனினும் பலர் தாழ்த்துகின்றனர். காரணம் இரண்டு. முதலாவது, ஊரார் என்ன சொல்வர் என்னும் கௌரவம். இரண்டாவது, தவறான விலைக் கணக்கு.

கணக்கையும் பார்ப்போம். ஒருவர் 6 கோடி செலவிட்டுப் பாதி கட்டியுள்ளார். ஆகவே 6 கோடி கேட்கிறார். வாங்குபவர் வேறு கணக்குப் போடுகிறார். விற்காத பகுதி முடிந்தபின் 9 கோடி தரும். பதிவு செய்தோரிடம் வர வேண்டிய பாக்கி 2 கோடி. ஆக வரவு 11 கோடி. எஞ்சிய வேலைக்கு 5 கோடி, வங்கிக்கு 3 கோடி, தாமதத்திற்காக ஒதுக்கீடு பெற்றோர்க்குத் தர வேண்டிய வட்டி 1 கோடி. ஆகச் செலவு 9 கோடி. மீதி 2 கோடி. அதிலும் அவர் தம் உழைப்புக்கும் இடருக்கும் ஒரு பகுதியை வைத்துக்கொள்வார். செலவழிந்த 6 கோடி விலையை முடிவு செய்வதில்லை. ஓராண்டு காத்திருந்தால் வட்டி வளரும், கம்பி தேயும், மீதி இரண்டும் கரையும். மிகுபொருள் விரும்பாமை என்னும் விரதம் இவ்விடத்தில் இலாபக் கணக்காகவும் அமைகிறது.

விற்காமல் இழுத்தால் முடிவு எங்கே செல்லும்? நொய்டாவில் அம்ரபாலி நிறுவனத்தின் திட்டங்களில் 40,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தன. வீட்டுக்கெனத் தந்த பணம் வேறு வழிகளில் திருப்பப்பட்டதைக் கண்ட உச்ச நீதிமன்றம், 23-7-2019 அன்று நிறுவனத்தின் பதிவை இரத்துச் செய்து, எஞ்சிய வேலையை முடிக்கும் பொறுப்பை அரசுத் துறை நிறுவனமான என்.பி.சி.சி.யிடம் ஒப்படைத்தது. 2018ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், திவால் சட்டத்தின்கீழ் வீடு வாங்கியோரும் நிதிக் கடனீந்தோராகக் கருதப்படுகின்றனர். பதிவு காலாவதியாகிவிட்டால், எஞ்சிய பணியை முடிப்பதில் ஒதுக்கீடு பெற்றோர் சங்கத்திற்கு முதல் உரிமையை ரெரா சட்டம் தருகிறது. இவையெல்லாம் கடைசி மருந்துகள். நோய் முற்றுமுன் செய்யத்தக்கது, கணக்கைத் திறந்து காட்டிச் செய்யும் விற்பனையே.

ஆசாரியர் உமாசுவாமி தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில், விரதங்களில் நேரும் அதிசாரங்களை எண்ணிச் சொல்கிறார். பொய்யாமைக்கு வரும் குறைகளுள் கூடலேகம் ஒன்று. அதாவது பொய் ஆவணம் எழுதுதல். நியாசாபகாரம் மற்றொன்று, நம்பி ஒப்படைத்த அடைக்கலப் பொருளைக் கவர்தல். முன்பணம் என்பது அடைக்கலப் பொருளேயன்றி வேறென்ன? ஒதுக்கீடு பெற்றோர் தரும் பணத்தில் 70 விழுக்காட்டைத் தனி வங்கிக் கணக்கில் வைத்து, அத்திட்டத்தின் நிலத்திற்கும் கட்டுமானத்திற்குமே செலவிட வேண்டும் என இன்றைய சட்டம் கூறுவது இக்கருத்தைத்தான். கள்ளாமைக்கு வரும் குறைகளுள் அளவையில் கூட்டிக் குறைத்தல் உண்டு. வீட்டின் உட்பரப்பையும் பொதுப் பரப்பையும் கலந்து காட்டி விற்பவர் இதை எண்ண வேண்டும். போலியைக் கலந்து நல்லதென விற்றல் உண்டு; துருவேறிய கம்பிக்குச் சாந்து பூசி மறைப்பது அதுவே. அரசு விதியை மீறுதலும் அவ்வரிசையில் உண்டு. கடற்கரை விதி அதில் அடங்கும்.

500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்திலோ, எட்டு வீடுகளுக்கு மேற்படாமலோ அமையும் சிறு திட்டங்களுக்கு ரெரா பதிவு கட்டாயமில்லை. நம்மவர் செய்பவை பெரும்பாலும் இத்தகையவையே. சட்டத்தின் கண் எட்டாத அவ்விடத்தில் விரதமே காவல்.

ஆகவே, விற்க நேர்ந்தவர் செய்யத்தக்கவை இவை. முதலில் ஒதுக்கீடு பெற்ற அனைவரையும், கடைக்காரரையும் வீட்டாரையும் ஒரே கூட்டத்தில் அழைத்து, வரவு செலவை வாசித்துக் காட்டுங்கள். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, வங்கியின் நிலுவைக் கடிதம், கட்டட அனுமதி, கடற்கரை மண்டல அனுமதி, பொறியாளர் அறிக்கை ஆகியவற்றின் படிகளை அனைவருக்கும் கொடுங்கள். வாங்க வருபவரையும் அக்கூட்டத்திற்கு அழைத்து வாருங்கள். அவர் எப்போது முடிப்பார், எப்பணத்தைக் கொண்டு முடிப்பார் என்பதை அவர் வாயாலேயே கேட்கட்டும். ஒப்புதலை எழுத்தில் பெற்ற பின்னரே விலையை முடிவு செய்யுங்கள்.

முன்பணம் கட்டியவர்களும் வாளாவிருக்கலாகாது. ஒன்றுகூடிச் சங்கம் அமையுங்கள். விற்பவர் கூட்டத்திற்கு அழைத்தால் பழிசொல்லைக் குறைத்து, ஆவணங்களைக் கவனமாகப் படியுங்கள். உண்மையைச் சொல்ல வந்தவரை அவமதித்தால், அடுத்து இடருறுபவர் உண்மையைச் சொல்ல அஞ்சுவார்.

நம் சமூகம் எண்ணிக்கையில் சிறிது. ஒரு குடும்பத்தின் வாக்குத் தவறினால் பல குடும்பங்களின் சேமிப்பு கரையும், திருமணங்கள் தள்ளிப்போகும், உறவு முறியும். யாருக்கேனும் திட்டம் நடுவில் நின்றிருந்தால், நாளையே உறவினரிடமும் முன்பணம் தந்தோரிடமும் சொல்லிவிடுங்கள். கணக்குத் தெரிந்தவர்களும் சட்டம் கற்றவர்களும் பொறியாளர்களும் இச்சபையில் பலர் உள்ளனர். அவர்கள் அக்கூட்டத்தில் உடனமர்ந்து உதவ வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

 அறம் வளர்க. அனைத்துயிரும் இன்புறுக.