'வந்து' எண்ணும் ஆள்

கல்யாண வீட்டில் வாழ்த்திப் பேச மாமா எழுந்திருப்பார். 'வந்து... வந்து...' என்பார். பேச்சு வராது, 'வந்து' மட்டும் வந்துகொண்டே இருக்கும்.

டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்று ஒரு பேச்சு மன்றம். 1924-இல் அமெரிக்காவில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கியது. சென்னையிலும் உண்டு. அங்கே கூட்டத்தில் ஒருவருக்கு ஒரே வேலை, எண்ணுவது. பேசுகிறவர் எத்தனை முறை 'ஆ', 'ம்', 'வந்து' என்று இழுத்தார்? எண்ணிக் கடைசியில் சொல்வார். எண்ணுவது மட்டும்தான், கேலி கிடையாது.

முதல் தடவை கூச்சமாகத்தான் இருக்கும். அடுத்த தடவை, 'வந்து' நாக்கு நுனிக்கு வரும்போதே தெரிந்துவிடும். அங்கே சும்மா நிறுத்துங்கள். ஒரு மூச்சு. கேட்பவர்களுக்கு அது தயக்கமாகவே தெரியாது.

பக்கத்தில் மன்றம் இல்லையா? பேத்தியை எண்ணச் சொல்லுங்கள். கைவிரல் போதாவிட்டால் கால்விரலும் இருக்கிறது!