அச்சுப்பொறிக்கு ஒரு நிலையான முகவரி

மறுநாட் காலை கையளிக்க வேண்டிய விண்ணப்பம் கணனியில் ஆயத்தமாக உள்ளது. அச்சுப்பொறியின் விளக்கு எரிகின்றது; தாளும் உண்டு, மையும் உண்டு. ஆயினும் கணனியோ, அச்சுப்பொறி தொடர்பில் இல்லையென்றே திரும்பத் திரும்ப அறிவிக்கின்றது. அன்று மாலை மின்சாரம் சிறிது நேரம் நின்று வந்ததை வீட்டார் எவரும் இதனோடு இணைத்துப் பார்ப்பதில்லை. பொறி பழுதென்று அதைக் கடைக்குச் சுமந்து செல்வோரும் உளர். பொறியிற் பழுதில்லை, அதன் முகவரி மாறிவிட்டது, அவ்வளவே.

வீட்டிலுள்ள றவுட்டர், தன்னோடு இணையும் ஒவ்வொரு கருவிக்கும் 192.168.1.104 என்பது போன்ற ஓர் இலக்க முகவரியை வழங்குகின்றது. 192.168 எனத் தொடங்கும் இலக்கங்கள் தனியார் வலையமைப்புகளுக்கென ஒதுக்கப்பட்டவை. ஆதலின் யாழ்ப்பாணத்து வீடொன்றிலும் இலண்டன் வீடொன்றிலும் ஒரே இலக்கம் வழங்கலாம், ஒன்றுக்கொன்று இடையூறில்லை. 1993ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட டி.எச்.சி.பி. என்னும் ஒழுங்கின்படி, இம்முகவரி உரித்தாகக் கொடுக்கப்படுவதன்று; குறித்த காலத்துக்குக் குத்தகையாகக் கொடுக்கப்படுவது. மின்சாரம் தடைப்படுகையிற் சில றவுட்டர்கள் தம் குத்தகைப் பதிவேட்டையே இழந்துவிடுகின்றன. முன்னர் அச்சுப்பொறி வைத்திருந்த இலக்கம் அப்பொழுது ஒரு கைத்தொலைபேசியிடம் போய்ச் சேரலாம். கணனியோ பழைய வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டிருக்கும். இலக்கத்தை விடுத்துப் பெயரைக்கொண்டு பொறியைத் தேடும் கணனிகளுக்கு இத்தொல்லை குறைவு.

இதற்குப் பலரும் கையாளும் வழி, அச்சுப்பொறியின் திரையிலேயே ஓர் இலக்கத்தை எழுதி நிறுத்திவிடுவது. அது விரைவானது, ஆனால் அச்செய்தியை றவுட்டர் அறியாது. 100 முதல் 199 வரை வழங்கும் றவுட்டர் இருக்க, பொறிக்கு 120 என எழுதிவிட்டால், அதே 120 ஒருநாள் மற்றொரு கருவிக்கும் போகும், இரண்டும் தடுமாறும். இவ்வழியை நாடுவோர், 50 போன்று அவ்வெல்லைக்குப் புறம்பான இலக்கத்தையே கொள்ளவேண்டும். பின்னொருகால் 192.168.0 என வழங்கும் வேறு றவுட்டர் வீட்டுக்கு வந்தாலோ, பொறி தனித்து நின்றுவிடும்.

றவுட்டரிலேயே ஒதுக்கீடு செய்வதே சிறந்தது. அச்சுப்பொறி தன் வலையமைப்பு விபரங்களைத் தாளொன்றில் அச்சிட்டுத் தரும். அதிற் பன்னிரண்டு குறிகள் கொண்ட மாக் முகவரி காணப்படும்; அது பொறியின் பிறப்புக் குறி போன்றது. கம்பிக்கு ஒன்றும் வைஃபைக்கு வேறொன்றுமாக இரண்டு இருக்கலாம். பொறி எவ்வழியால் இணைந்துள்ளதோ அவ்வழிக்குரியதையே எடுக்கவேண்டும். இவ்விடத்திலேதான் பெரும்பாலோர் இடறுகின்றனர். றவுட்டரின் டி.எச்.சி.பி. பக்கத்தில், முகவரி ஒதுக்கீடு என்னும் பகுதியில், அக்குறியையும் பொறி இப்போது பெற்றுள்ள இலக்கத்தையும் சேர்த்துப் பதிந்து, அச்சுப்பொறியை ஒருமுறை நிறுத்தி மீண்டும் இயக்கவேண்டும்.

இன்னும் ஒரு வேலை எஞ்சியுள்ளது. கணனியில் அச்சுப்பொறிப் பண்புகளுக்குட் சென்று, போர்ட் என்னும் பகுதியிற் பழைய இலக்கம் கிடந்தால் அதை நீக்கிப் புதியதை இடவேண்டும். இதை மறந்துவிட்டு, ஒதுக்கீடு பயனற்றதென்று குறைகூறுவோர் பலர். அடுத்தமுறை மின்சாரம் நின்று வந்தபின் விபரத்தாளை மீண்டும் அச்சிட்டாற் பழைய இலக்கமே அதிற் காணப்படும்.