அறுவைக்கு முன் உடலைப் பண்படுத்தல்

[நம் சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு]



தமிழாசிரியன் மேடையேறினால் ஏதேனுமொரு காப்பியத்தைப் பற்றியே பேசுவான் என்று எதிர்நோக்கி வந்திருப்பீர்கள். யாமும் அவ்வாறே கருதியிருந்தோம். ஆயினும், சங்கச் செயலாளர் சென்ற ஆண்டின் வரவு செலவுக் கணக்கை எமக்குக் காட்டியபோது, மருத்துவ உதவி நிதியின் பெரும்பகுதி, அறுவைச் சிகிச்சை முடிந்தும் எழமாட்டாது பல வாரம் மருத்துவமனையிற் கிடந்தோர் குடும்பங்களுக்கே சென்றிருப்பதைக் கண்டோம். அக்கணக்கே இன்றைய பொருளை எமக்கு அளித்தது. மருத்துவ நூல் யாம் முறையாகக் கற்றதன்று. வல்லார் எழுதியவற்றைப் படித்தும், மருத்துவரை வினவியும், எம் இல்லத்திற் பட்டும் அறிந்தவற்றையே ஈண்டுக் கூறுவோம். பிழையுளதேல் அவையிலுள்ள மருத்துவ அன்பர்கள் திருத்துவாராக.

திருக்குறளின் 95-ஆம் அதிகாரம் மருந்து. அதன் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு உறுப்பாகப் பகுக்கின்றது. நோயுற்றவர், தீர்க்கும் மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுவோர் என்பன அவை. இந்நான்கனுள் நோயுற்றவரே முதற்கண் வைக்கப்பெற்றமை கருதத்தக்கது. நாமோ, கைராசியுள்ள மருத்துவர் யாவர், நல்ல மருத்துவமனை எது, செலவு எவ்வளவு என்று ஊரெல்லாம் உசாவுகின்றோம். நோயுற்றவர் அவ்வறுவையைத் தாங்கும் நிலையில் உள்ளாரா, இல்லையெனின் அந்நிலைக்கு அவரைக் கொணர்வது எங்ஙனம் என்று மட்டும் உசாவுவதில்லை.

எம் குடும்பத்து நிகழ்ச்சி ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கின்றது. எம் தமையனார்க்குப் பெருங்குடலிற் கட்டி என்று தெரிந்து, ஐந்து வாரங் கழித்து அறுவைக்கு நாள் குறித்தனர். அன்று முதல் அவரைக் கடைக்குப் போகவொட்டாமல் தடுத்தோம்; மாடிப்படி ஏறவொட்டாமல் கட்டிலைக் கீழே இறக்கினோம். பார்க்க வந்த உறவினரெல்லாம், "அசையாமற் படுத்திருங்கள், உடம்பைத் தேற்றிக்கொள்ளுங்கள்" என்றே சொல்லிச் சென்றனர். முப்பதாண்டு கல்லாவில் அமர்ந்திருந்தவர், அவ்வைந்து வாரமும் கட்டிலிற் கிடந்தார். குறித்த நாளன்று மருத்துவமனை வாயிலிலிருந்து அறைவரை நடப்பதற்குள் இருமுறை நின்று மூச்சு வாங்கினார். அறுவை பழுதின்றி முடிந்தது. ஆனால் நுரையீரலிற் சளி கட்டிக் காய்ச்சல் கண்டது. இருபத்து மூன்று நாள் மருத்துவமனையிற் கிடந்தார். இன்றும் கடைப்படி ஏற ஒருவர் கை அவர்க்கு வேண்டியிருக்கின்றது. அன்பினால் அவரைப் படுக்க வைத்தவர் யாமே. அதனை நினையுந்தோறும் எம் உள்ளம் நோகின்றது.

படுக்கை உடம்பைத் தேற்றாதோ என்பீரேல், கேண்மின். 1966-இல் அமெரிக்க நாட்டு டல்லாஸ் நகரில், நலமுள்ள இளைஞர் ஐவரை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடக்கச் செய்து ஆராய்ந்தனர். அவர்தம் உடல் உயிர்வளியைக் கொண்டு உழைக்கும் உச்ச ஆற்றல், அம்மூன்று வாரத்திற் கால் பங்கிற்கு மேல் குறைந்துபோயிற்று. முப்பதாண்டு கழிந்தபின் அவ்வைவரையே மீண்டும் ஆராய்ந்தபோது, முப்பதாண்டு மூப்பு அவர்கள் ஆற்றலைக் குறைத்ததினும், இளமையில் மூன்று வாரப் படுக்கை குறைத்ததே மிகுதி என்று கண்டனர். இருபது வயதினர்க்கே இஃதெனின், அறுபது வயதினர் நிலை என்னாம்?

இனி, அவ்வாற்றல் அறுவைக்கு எதற்கு வேண்டும் என்பதைக் காண்போம். பெரிய அறுவை முடிந்தபின், உடல் தன் புண்ணை ஆற்றவும் கிருமிகளை எதிர்க்கவும் பல நாள் மிகுதியாக உழைக்கின்றது. அவ்வுழைப்பிற்கு நெஞ்சும் நுரையீரலும் கூடுதலான உயிர்வளியை ஈட்டித் தருதல் வேண்டும். வணிகம் செய்யும் நமக்கு இஃது எளிதில் விளங்கும். கையிருப்பு உள்ள கடை, ஒரு மாதத்து மந்தத்தைத் தாங்கும். இல்லாத கடை ஒரு வாரத்திற் கதவடைக்கும். ஆஸ்திரேலியாவில் மருத்துவர் ஓல்டர் என்பாரும் அவர் குழுவினரும் 1993-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், முதியோர் 187 பேரை அறுவைக்கு முன் மிதிவண்டிப் பொறியில் உழைக்கச் செய்து அளந்தனர். உழைப்பாற்றல் குறிப்பிட்ட ஓர் அளவிற்குக் கீழ்ப்பட்டோருள் 18 விழுக்காட்டினர் நெஞ்சு நோயால் இறந்தனர். அவ்வளவை எட்டியவருள் இறந்தோர் 0.8 விழுக்காட்டினரே. கையிருப்பின் பெருமை இதனால் விளங்கும்.

நிற்க. கையிருப்பை அளப்பது எவ்வாறு? மருத்துவமனைப் பொறிகள் எல்லார்க்கும் எட்டுவனவல்ல. ஈண்டுத்தான் இக்காலத்து இளைஞர் மணிக்கட்டில் அணிந்து திரியும் கைப்பட்டை நமக்குத் துணையாகின்றது. ஸ்மார்ட் வாட்ச் எனவும் பிட்னஸ் பேண்ட் எனவும் அதனை வழங்குவர். அதனுள் அசைவை உணரும் சிறு கருவி ஒன்றுண்டு; அது கையின் அசைவு கொண்டு நடையை எண்ணுகின்றது. பட்டையின் அடிப்புறத்திற் பச்சை ஒளி மின்னுவதைக் கண்டிருப்பீர்கள். குருதி அவ்வொளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் தோலின்கீழ்க் குருதி மிகுந்து குறைதலால் மீளும் ஒளியும் குறைந்து மிகும். அதனை எண்ணி நாடித்துடிப்பைக் காட்டுகின்றது. கணக்கு முழுவதும் கைபேசியிற் பதிவாகும். விரும்பினால் தொலைவிலுள்ள மருத்துவரும் அதனைக் காணலாம்.

நடையெண்ணி புதியதன்று. 1965-இலேயே ஜப்பானியர் 'மான்போ-கெய்' என்னும் பெயரால் ஒன்றை விற்றனர். பதினாயிரம் அடி அளக்கும் கருவி என்பது அதன் பொருள். நாளொன்றுக்குப் பதினாயிரம் அடி என இன்று பலர் ஓதும் விதி, மருத்துவ ஆராய்ச்சியிற் பிறந்ததன்று, அப்பெயரினின்று பரவியதே. ஆதலின் நோயுற்றவர் அவ்வெண்ணைக் கண்டு அஞ்சற்க. முதல் வாரம் வழக்கம்போல் இருந்து, நாளொன்றுக்குத் தாம் நடக்கும் அளவை அறிக. அது 2,000 அடியெனின், மருத்துவர் இசைவுடன் அடுத்த வாரம் 2,500, அதனை அடுத்து 3,000 எனச் சிறிது சிறிதாக ஏற்றுக. நடக்கும்போது பேச முடிதல் வேண்டும்; பாட முடியாதிருத்தல் வேண்டும். அதுவே போதிய விரைவு.

இதனாற் பயனுண்டோ என்பார்க்குச் சில சான்று கூறுவோம். பார்சிலோனா நகரில் வயிற்றில் பெரிய அறுவைக்குரிய, இடர் மிகுந்த நோயாளர் 125 பேரை இரு கூறாக்கி, ஒரு கூற்றினர்க்கு முன்பயிற்சி அளித்தனர். 2018-இல் வெளிவந்த முடிவின்படி, பயிற்சியில்லாதாருள் 62 விழுக்காட்டினர்க்குச் சிக்கல் நேர்ந்தது. பயின்றாருள் 31 விழுக்காட்டினர்க்கே நேர்ந்தது. பெருங்குடற் புற்றுநோயாளர் 251 பேரைக் கொண்டு நிகழ்ந்து 2023-இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சியில், நான்கு வாரப் பயிற்சி, புரத உணவு, மனத்தேற்றம், புகை விடுதல் என்பன ஒருங்கே அளிக்கப்பெற்றன. கடுஞ்சிக்கல் 29.7 விழுக்காட்டினின்று 17.1 ஆகக் குறைந்தது. கைப்பட்டை அணிந்த 475 பேரின் கணக்கை ஆராய்ந்து 2023-இல் அமெரிக்காவில் அறிவித்தவர், அறுவைக்கு முன் நாளொன்றுக்கு 7,500 அடிக்கு மேல் நடந்தோர்க்குச் சிக்கல் நேரும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியே என்றனர்.

மறுபக்கத்தையும் மறைத்தல் ஆசிரியர்க்கு அழகன்று. நலமுள்ளோர் இயல்பாகவே மிகுதியாக நடப்பராதலின், இறுதியிற் கூறிய கணக்கொன்றையே கொண்டு நடையே காத்தது எனத் துணிதல் இயலாது. கனடாவில் தளர்ந்த முதியோரிடை நிகழ்ந்து 2020-இல் வெளிவந்த ஆராய்ச்சியில், முன்பயிற்சியால் அறுவைக்குப் பிந்திய சிக்கல்கள் குறையவில்லை. கைப்பட்டையும் பிழை செய்யும். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் 2017-இல் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, நாடிக்கணக்கு பெரும்பாலும் சரியாயிருந்தது. செலவான வெப்ப ஆற்றலின் கணக்கோ எதனிலும் நம்பத்தக்கதாய் இல்லை. கருநிறத் தோலில் பிழை மிகுந்ததெனவும் கண்டனர். அது நம்மனோர் கருதற்பாலது. தள்ளாடி மெல்ல நடப்பார் அடிகளை அது எண்ணாது விடுதலுமுண்டு. நாடியை அடக்கும் மருந்துண்போர், நாடியெண்ணைக் கொண்டு தம் உழைப்பை அளத்தல் கூடாது. நெஞ்சுவலி, மயக்கம், மிக்க மூச்சிரைப்பு தோன்றின் உடனே நிறுத்தி மருத்துவரைக் காண்க. நெஞ்சின் வால்வு சுருங்கியோர், பெருந்தமனி வீங்கியோர் போல்வார் மருத்துவர் இசைவின்றித் தொடங்கவே கூடாது. பயிற்சியின் பொருட்டு அறுவை நாளைத் தாமே தள்ளிப்போடுதலும் தவறு. இது மருத்துவர் குறித்த இடைக்காலத்தைப் பயன்படுத்தும் வழியேயன்றி, நாட்கடத்தும் வழியன்று.

எம் தமையனார் நிகழ்ச்சிக்கு ஈராண்டுக்குப் பின், எம் தமக்கையார்க்கும் வயிற்றில் அறுவை வேண்டியிருந்தது. இம்முறை மருத்துவரே நடக்கச் சொன்னார். பேரன் தன் கைப்பட்டையைக் கழற்றி அவர் கையிற் கட்டினான். தெருவில் நடக்க அவர் நாணினார். பட்டையை வளையல்களுக்கிடையே மறைத்துக்கொண்டு, விடியுமுன் மொட்டை மாடியிற் சுற்றி வந்தார். முதல் நாட் கணக்கு 1,800 அடி. மாலைதோறும் பேரன் அதனைப் பேரேட்டில் எழுதுவதுபோல் நாட்காட்டியில் எழுதி வந்தான். ஒரு நாள் எண் குறைந்தால், "இன்றைக்கு ஐந்தொகை நேராகவில்லை, பாட்டி" என்பான். அவரும் எழுந்து பத்துச் சுற்றுச் சுற்றுவார். நான்காம் வாரம் 5,200 அடியாயிற்று. அறுவை முடிந்து எட்டாம் நாள் இல்லம் மீண்டார். இருவர் நோயும் வேறு, வயதும் வேறு. ஆதலின் இதனையே சான்றாகக் காட்டோம். ஆனால் அந்நான்கு வாரமும் அவர் அச்சத்தோடு நாளெண்ணிக் கிடக்கவில்லை; அடியெண்ணி நடந்தார். அதனை யாம் கண்ணாற் கண்டோம்.

வெறும் நடைக்கு ஒரு கருவி எதற்கு, நம் முன்னோர் இதனைக் கட்டியா நடந்தார் என்று முதியோர் சிலர் வினவுவர். நியாயமே. முன்னோர் சந்தைக்கும் கோயிலுக்கும் நடந்தே சென்றனர். நாம் தெருமுனைக் கடைக்கும் வண்டியேறுகின்றோம். நடந்ததாக எண்ணிக்கொள்ளுதல் மனிதர் இயல்பு. எண் அவ்வெண்ணத்தைத் திருத்தும். கணக்கெழுதாத வணிகம் எங்ஙனம் ஓங்கும்?

இறுதியாக, இவ்வவைக்கு மூன்று விண்ணப்பம். மருத்துவ உதவி வேண்டுவோர் செலவு முடிந்தபின்பன்றி, அறுவைக்கு நாள் குறித்த அன்றே சங்கத்திற்குத் தெரிவிக்குமாறு விதி திருத்தப்பெறுதல் வேண்டும். நிதியினின்று பத்துக் கைப்பட்டைகள் வாங்கி, நூலகத்துப் புத்தகம்போல் இரவல் தந்து, அறுவை முடிந்தபின் திரும்பப் பெறுதல் வேண்டும். நம் இளைஞர் இருவர் மூவர் ஒவ்வொரு பகுதியிலும் முன்வந்து, காலையில் அரைமணி நேரம் நோயுற்றவரோடு உடன் நடத்தல் வேண்டும். புகையும் புகையிலையும் விடச் சொல்லி, பால், முட்டை, பருப்பு முதலியன மருத்துவர் கூறியவாறு உண்ணச் செய்தலும் அவர்தம் கடமையாகுக. குறள் கூறிய நான்காம் உறுப்பு, அருகிருந்து பேணுவோர்; அவ்விடத்தில் நிற்க வேண்டியவர் நாமே.

இனி நம்மில் ஒருவர்க்கு அறுவை என்று கேள்விப்பட்டால், பழக்கூடையோடு சென்று "படுத்திருங்கள்" என்னாது, செருப்பை எடுத்து வைத்து, "வாருங்கள், சிறிது நடந்து வருவோம்" என்று அழைப்போமாக. எம் தமையனார்க்கு யாம் செய்யத் தவறியது அதுவே. எல்லாம் வல்ல இறைவன் திருவருள் நம் முயற்சிக்குத் துணை நிற்பதாக.