கம்பியின் குற்றமா, வீட்டின் குற்றமா?

(இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இணையம் அறுந்து அறுந்து வருகின்றது என்னும் முறைப்பாடு இல்லாத வீடு அரிது. பெரியோர் சிலர் இதனைக் காலத்தின் கோளாறு என்று விட்டுவிடுகின்றனர். இளையோராகிய நாமோ கம்பனியைத் திட்டிவிட்டு, மொடெத்தை அணைத்து மீண்டும் போடுகின்றோம். இரண்டும் நோயை ஆராய்வதாகா. செப்புத் தொலைபேசிக் கம்பி வழியே வரும் ஏ.டி.எஸ்.எல். இணைப்பைப் பற்றியே இன்று பேச விழைகின்றோம். ஒளியிழை வந்துவிட்ட வீட்டினர் சற்றுப் பொறுத்தருள்க. இதிற் பாதி அவர்களுக்குப் பொருந்தாது.

முதலில், குற்றம் வீட்டின் உள்ளேயா வெளியேயா என்று பிரித்தறிதல் வேண்டும். கணினியை வைபையை விட்டு, ஒரு வயரினால் மொடெத்துடன் நேரே தொடுத்துப் பாருங்கள். தடங்கல் நீங்கினால் கம்பியின்மேற் பழி இல்லை. இடையில் நிற்கும் கற்சுவரோ, சமையலறை மைக்ரோவேவ் அடுப்போ காரணமாயிருக்கலாம். மொடெம் கம்பியிற் பிடித்த வேகம் குறையாதிருக்க, மாலையில் மாத்திரம் இறக்கம் மந்தமானால் அது ஊரார் யாவரும் ஒரே நேரத்திற் பாவிப்பதனால் வரும் நெரிசல். அதற்கு நம் வீட்டிற் செய்யத்தக்கது யாதுமில்லை.

வயரிலும் அறுகின்றதாயின் மொடெத்தையே கேட்க வேண்டும். அதன் உட்பக்கத்தில் இரண்டு எண்கள் டெசிபெல் கணக்கிற் காணப்படும். ஒன்று நலிவு. பரிவர்த்தனை நிலையத்திலிருந்து நம் வீடுவரை அலை எவ்வளவு தேய்ந்து வருகின்றது என்பதை அது கூறும். தூரம் மாறாதாகையால் இவ்வெண்ணும் பெரிதும் மாறாது. திடீரென ஏறினால் எங்கோ ஒரு பொருத்து கெட்டுவிட்டது என்று கொள்ளலாம். ஏ.டி.எஸ்.எல். 2+ முறையில் உச்ச வேகம் 24 மெகாபிற் என்பார்கள். அது நிலையத்தின் அண்டை வீட்டாருக்கே. ஐந்து கிலோமீற்றர் தள்ளியிருப்போர் அதனை எதிர்பார்ப்பது வீண்.

மற்றையது இரைச்சல் இடைவெளி. அலையானது, பிடித்த வேகத்திற்குத் தேவையான அளவுக்கும் மேலாக, இரைச்சலினின்று இன்னும் எவ்வளவு உயர்ந்து நிற்கின்றது என்பதன் அளவு அது. பெரும்பாலும் 6 டெசிபெல் விட்டே மொடெம் தன் வேகத்தைத் தீர்மானிக்கும். அது பூச்சியத்தை அண்மினால் இணைப்பு அறும். பகலில் நன்றாயிருந்த கம்பி இரவில் ஏன் அறுகின்றது? வானொலி கேட்டு வளர்ந்த பெரியோர் விடையை முன்னமே அறிவர். பகலிற் கேளாத தூரத்து மத்திய அலை நிலையங்கள் பொழுதுபட்டதும் கேட்குமல்லவா? அவ்வலைகள் ஏறத்தாழ 530 முதல் 1600 கிலோஹேர்ட்ஸ் வரையானவை; நம் இணையம் ஓடுவதும் அதே வீதியிற்றான். ஆதலால் இரவில் மொடெத்தை மீளப் போட்டால் வேகம் சற்றுக் குறையும். ஆயின் இணைப்பு நிலைக்கும்.

வேல்ஸ் நாட்டில் அபர்ஹோசன் என்றொரு சிற்றூர். அங்கே பதினெட்டு மாதங்களாகக் காலை ஏழு மணிக்கு இணையம் தவறாமற் கெட்டது. கம்பிகளை மாற்றியும் பயனில்லை. ஈற்றிற் பொறியியலாளர் காலை ஆறு மணிக்கே, கொட்டும் மழையில், அலையளக்கும் கருவியுடன் தெருத் தெருவாய் நடந்தனர். ஏழு அடித்ததும் ஒரு வீட்டிலிருந்து மின்னிரைச்சல் வெடித்தெழுந்தது. அவ்வீட்டார் அந்நேரம் தம் பழைய தொலைக்காட்சிப் பெட்டியைப் போடுவது வழக்கமாம்! 2020ஆம் ஆண்டில் வெளிவந்த செய்தி இது. அவர் பெரிதும் நாணி, அதனை இனிப் பாவிப்பதில்லை என உடனே உடன்பட்டார். நேரத்தைக் குறித்து வைத்ததே அவர்களுக்குத் துப்பாயிற்று. நாமும் அறுந்த நேரத்தை ஒரு கொப்பியில் எழுதிவைத்தல் நன்று.

எம் வீட்டுக் கொப்பியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2021இல் பாடசாலைகள் மூடியிருந்தபோது, எமது இணைய வகுப்பு மாலைதோறும் நடுவில் அறும். வெளிநாட்டிலுள்ள மாமா அம்மம்மாவுக்குத் தொலைபேசி எடுக்கும் வேளையும் அதுவே. "அந்தப் போனைக் கழற்றிவிடுங்கோ அம்மம்மா" என்று நாம் சினந்து கூறினோம். அவரும் ஒரு வார்த்தை பேசாமற் கழற்றிவிட்டார். மூன்று வாரம் மாமாவின் குரலை அவர் கேட்கவில்லை.

கொப்பியைப் பார்த்தபோதுதான், மணி அடித்த கணத்திலேயே இணைப்பு அறுந்தது விளங்கிற்று. மணியை அடிக்கச் செய்யும் மின்னழுத்தம் பேச்சலையிலும் பன்மடங்கு பெரிது. பேச்சையும் இணையத்தையும் பிரிக்கும் வடிகட்டி என்னும் சிறு பெட்டி கூடத்துத் தொலைபேசிக்கு இருந்தது. அம்மம்மாவின் அறைத் தொலைபேசிக்கு எவரும் பூட்டவில்லை. சில நூறு ரூபாய்ச் சாமான். வாங்கிப் பூட்டிய அன்று மாலை மணி அடித்தது, வகுப்பு அறவில்லை. அம்மம்மா மாத்திரம் கையை நீட்டாமல் எம்மைப் பார்த்து, "எடுக்கலாமோ?" என்று கேட்டார்.