‘அவசர அழைப்பு மட்டும்’: இந்த மூன்று சொல்லைத் தெரிந்துகொள்வோம்

(பல்லேபொலயில் நடந்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சம்பளத்தைப் பற்றியும் சேமலாப நிதியைப் பற்றியும் தோழர்கள் பேசிவிட்டார்கள். நான் பேச வந்தது உங்கள் கையில் இருக்கும் போனைப் பற்றி. சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் குளவி கொட்டியவரையும், பாம்பு கடித்தவரையும், நடுச்சாமத்தில் பிரசவ வலி கண்ட பிள்ளையையும் காப்பாற்றுவது பல நேரம் ஒரு கோல்தான்.

பள்ளத்தில் இருக்கும் லயத்துக்குப் போனதும் போனில் சிக்னல் கோடுகள் மறைந்துவிடும். அந்த இடத்தில் சில நேரம் ‘நோ சேர்விஸ்’ என்று ஆங்கிலத்தில் வரும். சில நேரம் ‘எமர்ஜென்சி கோல்ஸ் ஒன்லி’, அதாவது அவசர அழைப்பு மட்டும் என்று வரும். இரண்டையும் பார்த்து “சிக்னல் இல்லை” என்று போனை மடியில் செருகிவிடுகிறோம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

‘நோ சேர்விஸ்’ என்றால் அந்த இடத்துக்கு எந்தக் கம்பனியின் டவரும் எட்டவில்லை. ‘அவசர அழைப்பு மட்டும்’ என்றால் உங்கள் சிம்முக்குரிய கம்பனியின் டவர் எட்டவில்லை, ஆனால் வேறொரு கம்பனியின் டவர் எட்டுகிறது. உங்களிடம் மொபிட்டெல் சிம் இருக்கும், அந்த மேட்டில் டயலொக் டவர் மட்டும் எட்டும். சாதாரண கோலுக்கு அந்த டவர் உங்களைச் சேர்த்துக்கொள்ளாது. உயிர் ஆபத்துக்கான கோலுக்கு மட்டும் வழிவிடும். சிம் காலாவதியாகி வேலை செய்யாமல் போனாலும் இதே எழுத்துத்தான் வரும்.

ஆகவே அந்த எழுத்தைக் கண்டால் போனை உள்ளே வைக்காதீர்கள். பொலிசுக்குரிய 119ஐ அழுத்துங்கள். கிடைக்காவிட்டால் 112ஐ அழுத்துங்கள். உலகத்தில் எந்த நாட்டுக் கைப்போனும் 112ஐ அவசர எண் என்று அறிந்திருக்கும், எட்டுகிற டவரைத் தேடிப் பிடிக்கும். காசு வேண்டாம், ரீலோட் வேண்டாம். பூட்டிய போனில்கூட, திரையில் உள்ள ‘எமர்ஜென்சி’ என்ற இடத்தைத் தொட்டால் எண் அழுத்தலாம். ஆனால் எஸ்எம்எஸ்சும் வட்ஸ்அப்பும் இந்த வழியில் போகாது.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. அம்புலன்ஸ் என்றால் நமக்கு நினைவுக்கு வருவது 1990. அந்த ‘சுவசெரிய’ சேவை 2016 ஜூலையில் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கியது. 2018 முதல் மற்ற மாகாணங்களுக்கும் விரிந்தது. நல்ல சேவை, இலவச சேவை. ஆனால் 1990 உலகப் பொது அவசர எண் அல்ல. சிம்மிலோ நெட்வொர்க்கிலோ அதை அவசர எண்ணாகப் பதிந்திருந்தால்தான் அடுத்த கம்பனி டவர் வழியாகப் போகும். இல்லாவிட்டால் போன் அதைச் சாதாரண கோல் என்றே எண்ணும். நோயாளிக்கு வேண்டிய எண்ணே, சிக்னல் இல்லாத இடத்தில் கைவிடக்கூடும். இதை நாம் சும்மா விடக்கூடாது.

தோழர்களே, ஒரு கோல் போகாததால் என்ன நடக்கும் என்பதற்குக் கேரளத்தில் மூணாறுக்கு மேலே உள்ள பெட்டிமுடி சாட்சி. அங்கேயும் நம்மைப் போல லயத்தில் வாழ்ந்த தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள்தான். 2020 ஆகஸ்ட் 6ஆம் திகதி இரவு மலை சரிந்து லயங்களை மூடியது. பெருமழையில் கரண்ட் இல்லை, போனும் வேலை செய்யவில்லை. விடிந்த பிறகுதான் வெளியுலகுக்குச் செய்தி போனது. எழுபது உயிர்கள் போயின. அந்த இரவு முழுவதும் மண்ணுக்கடியில் எத்தனை பேர் மூச்சோடு இருந்தார்கள் என்று யாரால் சொல்ல முடியும்?

நமக்கும் அது தூரத்துக் கதை இல்லை. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் கண்டி, நுவரெலியா, பதுளை, மாத்தளை மாவட்டங்களில் மலை சரிந்தது. நாடு முழுவதும் 600க்கும் அதிகமானோர் இறந்தார்கள். பல இடங்களில் கரண்டும் போனும் ஒன்றாகப் போயின. டவரும் கரண்டில்தான் ஓடுகிறது. கரண்ட் போனால் பற்றரி சில மணி நேரம் தாங்கும். அதற்குள் ஜெனரேட்டருக்கு எண்ணெய் வந்து சேராவிட்டால் டவரும் ஊமையாகிவிடும்.

ஆகவே சங்கம் மூன்று கோரிக்கைகளை எழுத்தில் வைக்க வேண்டும் என்று பிரேரிக்கிறேன்.

முதலாவது, 119, 110, 117, 1990 ஆகிய நான்கும் எந்தக் கம்பனி டவர் வழியாகவும் போக வேண்டும். பிரித்தானியாவில் 2009 முதல், தன் கம்பனி டவர் எட்டாதவரின் அவசர கோலை அடுத்த கம்பனி டவர் ஏற்கிறது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது? தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, அந்தப் பக்கம் எடுப்பவர் தமிழில் பேச வேண்டும். தமிழும் அரசகரும மொழி என்று 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் சொல்கிறது. மூச்சுத் திணறும் பிள்ளையை மடியில் வைத்திருக்கும் தாய், சிங்களம் தெரிந்த ஆளைத் தேடி லயம் லயமாக ஓடக்கூடாது.

மூன்றாவது, மண்சரிவு அபாயம் உள்ள தோட்டங்களுக்கு எட்டும் டவர்களில் பற்றரியும் எண்ணெயும் மழைக்காலத்துக்கு முன்பே தயாராக இருக்க வேண்டும்.

கோரிக்கை நிறைவேறும்வரை நாம் செய்யக்கூடியதும் உண்டு.

ஒவ்வொரு டிவிசனிலும் எந்த மேட்டில், எந்தக் கல்லடியில் எந்தக் கம்பனி சிக்னல் கிடைக்கிறது என்று இளைஞர்கள் நடந்து பார்த்துக் குறிக்கட்டும். சிக்னல் கோடுகளைப் பார்த்தால் போதும். சோதித்துப் பார்க்க 119க்கு எடுக்கவேண்டாம், உண்மையான ஆபத்தில் இருப்பவரின் லைனை அது அடைக்கும். அந்தக் குறிப்பைப் பிரட்டுக்களத்திலும் பிள்ளைக் காம்பராவிலும் கோயிலிலும் ஒட்டுவோம்.

நம் லயங்களில் பலவற்றுக்கு வீட்டு இலக்கமும் இல்லை, வீதிப் பெயரும் இல்லை. ஆகவே என்ன சொல்வது என்று வீட்டில் எல்லோரும், பத்து வயதுப் பிள்ளையும்கூட, பாடமாக்க வேண்டும். மாவட்டம், பிரதேச செயலகப் பிரிவு, பெரிய ரோட்டில் திரும்பும் சந்தி, தோட்டமும் டிவிசனும், நடந்தது என்ன, எத்தனை பேருக்கு. சிங்களத்திலும் அதை எழுதி ஒட்டித் தருகிற வேலையை ஆசிரியர்கள் நாங்கள் ஏற்கிறோம். கோல் எடுத்தவுடன் ஒருவர் டோர்ச்சோடு சந்திக்குப் போய் நிற்கட்டும்.

‘நோ சேர்விஸ்’ என்றே வந்தால், மேட்டுக்கு ஓட வேண்டிய இரண்டு பேர் யார் என்று ஒவ்வொரு லயமும் இன்றைக்கே பெயர் குறித்து வைக்கட்டும். ஒருவராக அனுப்பாதீர்கள், இரவில் வழுக்கு ரோடு.

சங்கம் என்பது சந்தாவுக்கும் சம்பளத்துக்கும் மட்டும் இல்லை. ஒரு லயத்தில் எழுகிற கூக்குரல் அடுத்த மலைக்குக் கேட்க வழி செய்வதும் சங்க வேலைதான். இந்த மூன்று கோரிக்கைகளையும் தீர்மானமாக எடுத்துக்கொள்ளும்படி தலைவரைக் கேட்டு விடைபெறுகிறேன்.