மணி ஒலித்தாற் போதுமா?



பெரியதொரு வணிக நிறுவனத்திலே கணக்கு, களஞ்சியம், விற்பனை ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மென்பொருள் இருக்கும். அவற்றை ஒன்றோடொன்று தொடர்புபடுத்துவது ஒருங்கிணைப்பு. நடைபெறும் அலுவல்களை உடனுக்குடன் கவனித்து எச்சரிப்பது கண்காணிப்பு. முன்னையது நரம்பு எனின், பின்னையது கண் எனலாம்.

இவ்விரண்டும் தவறினால் விளைவது யாது? 2012 ஆம் ஆண்டு ஓகஸ்ற் 1 ஆந் திகதி, அமெரிக்கப் பங்குச் சந்தையில் ஈடுபட்டிருந்த நைற் கப்பிற்றல் என்னும் நிறுவனம் இதனை அனுபவத்திற் கண்டது. அதன் எட்டுக் கணினிகளுள் ஏழில் மட்டுமே புதிய நிரல் ஏற்றப்பட்டிருந்தது. எட்டாவதில், நெடுங்காலம் பயன்படாது கிடந்த பழைய நிரல் மீண்டும் இயங்கத் தொடங்கியது. வாடிக்கையாளர் கேட்ட பங்குகள் கிடைத்துவிட்டன என்னுஞ் செய்தி அந்நிரலுக்கு எட்டவில்லை. ஆகவே அது ஓயாது ஆணைகளை அனுப்பிற்று. 212 சிறிய ஆணைகளின் பொருட்டு, 45 நிமிடத்தில் நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்ட கொடுக்கல் வாங்கல்கள் நிகழ்ந்தன. இழப்போ 46 கோடி டொலருக்கு மேல்.

எச்சரிக்கை இல்லாமற் போயிற்றா? அன்று. சந்தை திறக்குமுன்னரே அந்நிறுவனத்தின் கணினி, வழுவைக் குறிப்பிட்டு 97 மின்னஞ்சல்களைப் பணியாளருக்கு அனுப்பியிருந்தது. ஆயின், அவை எச்சரிக்கையென வகுக்கப்பட்டவையல்ல. வந்தவுடன் அவற்றைப் பார்க்கும் வழக்கமும் இருக்கவில்லை.

மென்பொருள் ஆக்கும் இளைஞர்கள் இதனை மனங்கொள்ளல் வேண்டும். செய்தியை அனுப்பினால் மட்டும் போதாது. அது சென்று சேர்ந்தமைக்கு மறுமொழி வேண்டும். எச்சரிக்கையைக் கேட்பவர் யார், கேட்டதும் அவர் எதனை நிறுத்தலாம் என்பனவும் முன்கூட்டியே வரையறுக்கப்படல் வேண்டும். பாடசாலை மணியும் கேட்டு எழுவோர் இருந்தாலன்றோ பயன் தரும்!